சூரியனின் தொண்ணூற்று நான்கு உடன்பிறப்புகள்

தப்பைக் கண்டால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகை வந்தால், வாழ்த்துவதற்கு முன்னால் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பாள். ஒருமுறை பொருந்தவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குப் போன் போட்டுச் சொல்லி, நானூறு பத்திரிகையைத் திரும்ப அச்சடிக்க வைத்தாள். அவர்களும் நன்றி மறக்காமல் கல்யாணத்தன்று அவளைக் கடைசி வரிசையில் மின்விசிறி எட்டாத நாற்காலியாகப் பார்த்து உட்கார வைத்தார்கள். குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டில் 'எட்டு பேர், நானூறு கிலோ' என்று எழுதியிருந்தது. ஆளுக்கு ஐம்பது கிலோதான் வருகிறது, இந்தக் கட்டடத்தில் ஐம்பது கிலோவில் யார் இருக்கிறார்கள், பெயர் சொல்லுங்கள் பார்ப்போம் என்று குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. லிஃப்டும் அதற்கப்புறம் அடிக்கடி வரவில்லை.

'பூதக்கண்ணாடி' என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் அவளுடைய நாத்தனார், அதாவது கணவரின் அக்கா. எதிர்வீட்டில்தான் குடியிருந்தார். பிரசவ வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தை பிறந்த மூன்றாவது நிமிடமே மூக்கு யார் ஜாடை, காது யார் ஜாடை என்று சொல்லிவிடுவார். அதனால் இரண்டொரு குடும்பத்தில் கலகமும் மூட்டியிருக்கிறார். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் பொருத்தமான பெயருக்குக் கால் முளைக்கும் என்பார்களே, அது கட்டடத்தின் படியிறங்கி, கீழே இருக்கும் சலவைக்கடையைத் தாண்டி, அவள் வேலை பார்க்கும் இடம் வரைக்கும் நடந்து போய்விட்டது.

அவள் வேலை பார்த்தது ஒரு வானியல் ஆய்வு நிறுவனத்தில். வானியல் என்றதும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதாக நினைக்க வேண்டாம். மூன்றாம் மாடி, கழிப்பறைக்குப் பக்கத்து அறை, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி. கதவில் 'சரிபார்ப்பு' என்று ஒரு பலகை. டைப்பிஸ்டாகச் சேர்ந்தவளை, அச்சடித்து முடித்த கட்டுரைகளில் எல்லாம் அவள் கணக்குப் பிழை கண்டுபிடித்து மானத்தை வாங்குகிறாள் என்பதற்காக இந்த அறைக்கு மாற்றினார்கள். அது ஆயிற்று இருபத்திரண்டு வருடம்.

வேலை இதுதான். நாலு மணி நேரப் பயண தூரத்தில் ஒரு மலை. மலைமேல் தொலைநோக்கி. அது நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் பிடித்து, ஊதாவிலிருந்து சிவப்பு வரை நீளமாக விரித்துப் போடும். அப்படி விரித்த நிறமாலையில் அங்கங்கே கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். ஒவ்வொரு கோடும் ஒரு பொருள். இது இரும்பு, இது மக்னீசியம், மஞ்சளில் ஜோடியாக நிற்கும் இரண்டும் சோடியம். கோடுகளை அளந்து, நட்சத்திரத்தின் உடம்பில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது, அதன் வயது என்ன என்று கணினி சொல்லிவிடும். பிடிபடாமல் கணினி கைவிரித்தவை மட்டும் அவளிடம் வரும். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, இது மேகம் மறைத்தது, இது இரண்டு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டது, இது பூச்சி என்று குறித்து அனுப்புவாள். பூச்சி என்றால் நிஜமான பூச்சி. லென்ஸுக்குள் வசித்துவந்தது.

இதெல்லாம் எதற்கு என்று ஒருநாள் நாத்தனார் கேட்டார்.

"ஏம்மா, நட்சத்திரத்துக்கு வயசு பாத்து என்ன பண்ணப் போறீங்க? பென்ஷன் குடுக்கப் போறீங்களா?"

"நம்ம பால்வீதி எப்படி உருவாச்சுன்னு கண்டுபிடிக்கறதுக்குக்கா. அது ஒரே நாள்ல கட்டின வீடு இல்ல. சின்னச் சின்ன நட்சத்திரக் கூட்டமெல்லாம் வந்து விழுந்து விழுந்து, சேத்துக்கிட்டு சேத்துக்கிட்டுப் பெருசானது. அதுல யாரு இங்கயே பொறந்தது, யாரு வெளியில இருந்து வந்ததுன்னு பிரிக்கணும்."

"வந்து எவ்வளவு நாளாச்சாம்?"

"ஆயிரம் கோடி வருஷம் இருக்கும்."

"இன்னுமா தெரியும்?"

"தெரியும்க்கா. எந்த மேகத்துல பொறந்துச்சோ அதுல இருந்த சரக்குதான் உடம்புல இருக்கும், சாகற வரைக்கும் மாறாது. பெரிய நட்சத்திரம் சீக்கிரம் வெடிச்சு மக்னீசியத்தைக் குடுத்துட்டுப் போகும். இரும்புல பாதிக்கு மேல நிதானமாதான் வரும். அந்த ரெண்டும் எந்தக் கணக்குல இருக்குன்னு பாத்தாலே பொறந்த வீடு எதுன்னு சொல்லிடலாம். வயசையும் சேத்துப் பாத்தா, எப்போ வந்து சேந்ததுன்னும் சொல்லிடலாம்."

நாத்தனார் இதை நன்றாக மென்று விழுங்கினார்.

"இதை நான் தொலைநோக்கி இல்லாமலே சொல்லுவேனே. நீ எங்க வீட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. இன்னும் டம்ளரை விளிம்புல பிடிக்கற. எங்க வீட்டுல யாரும் அப்படிப் பிடிக்க மாட்டோம்."

டம்ளர் விஷயத்தில் நாத்தனாரும் பால்வீதியும் ஒரே கட்சி. வந்தவர்களை மறப்பதில்லை. யாரிடமாவது அவளை அறிமுகப்படுத்தும்போதுகூட 'என் தம்பி கட்டிக்கிட்டு வந்தவ' என்றுதான் சொல்வார். வந்து இருபத்தெட்டு வருடமாகிறது, இன்னும் வந்துகொண்டேயிருக்கிறாள்.

அவள் கணவர் நகல் எடுத்து லேமினேட் செய்யும் கடை வைத்திருந்தார். சாதுவான மனிதர். ஒரே ஒரு பலவீனம், கண்ணில் பட்டதையெல்லாம் லேமினேட் செய்துவிடுவார். வீட்டில் மின்சாரக் கட்டண ரசீது, வாஷிங் மெஷின் விளக்கத்தாள், மகள் ஒன்றாம் வகுப்பில் வரைந்த யானை எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக இருந்தன. காலாவதியான பஸ் பாஸ்கூட நனையாமல் இருந்தது. "லேமினேட் பண்ணிட்டா அப்புறம் கவலையே இல்ல" என்பார். எதைப் பற்றிய கவலை என்று யாரும் கேட்டதில்லை.

சரிபார்ப்பு அறையில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது சூரியனைத்தான். தினமும் சாயங்காலம், சூரியன் மறைந்து நட்சத்திரங்கள் தெரிவதற்கு முன்னால், மலைமேல் தொலைநோக்கியை இயக்குபவர் அதை வெறும் வானத்தின் பக்கம் திருப்பிக் கொஞ்சம் அந்தி வெளிச்சத்தைப் பிடித்துவைப்பார். அந்தி வெளிச்சம் என்பது சூரிய வெளிச்சம்தானே. சூரியனின் உடம்பில் என்ன இருக்கிறது, வயது நானூற்று அறுபது கோடி வருடம் என்பதெல்லாம் நன்றாகத் தெரிந்த சங்கதி. கருவி அதைச் சரியாகச் சொன்னால் மற்றதையும் சரியாகச் சொல்லும். அவ்வளவுதான், ஓர் உரைகல். இளைஞர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள், கணினியே பச்சைப் புள்ளி வைத்துவிடும். அவள் மட்டும் இருபத்திரண்டு வருடமாகத் தினம் அந்த முகத்தில்தான் விழித்தாள். 'பெரியவர்' என்று பெயரும் வைத்திருந்தாள். வராத நாளில் நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு 'பெரியவர் வரவில்லை' என்று எழுதுவாள்.

இப்படியிருக்கையில், ஒரு திங்கட்கிழமை காலையில் பேராசிரியர் அவள் அறைக்கு ஓடி வந்தார். அவர்தான் அந்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவர். ஓடக்கூடிய உடம்பு இல்லை. நாற்காலியில் விழுந்து, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அம்மா, சூரியனோட கூடப் பொறந்தவங்க கெடைச்சிட்டாங்க."

சூரியன் தனியாகப் பிறக்கவில்லை. ஒரு பெரிய மேகத்தில் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களோடு சேர்ந்து பிறந்தது. பிறகு எல்லாம் சிதறி, யார் எங்கே போனார்கள் என்று தெரியாமல் பால்வீதி முழுக்கக் கலந்துபோனார்கள். பேராசிரியர் பதினாறு வருடமாக அவர்களைத் தேடிக்கொண்டிருந்தார். காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தகப்பன்கூடப் பதினாறு வருடத்தில் கொஞ்சம் ஓய்ந்திருப்பான். இவர் ஓயவில்லை. இரண்டு லட்சம் நட்சத்திரங்களைச் சலித்ததில் தொண்ணூற்று நான்கு அகப்பட்டுவிட்டன.

"தொண்ணூத்தி நாலும் நானூத்தி அறுபது கோடி வருஷம். இரும்பு, மக்னீசியம், கால்சியம், பதினெட்டுப் பொருளும் சூரியன்ல இருக்கற அதே அளவு. எல்லாம் வானத்துல ஒரே மூலையில இருக்கு. எல்லாம் ஒரே வேகத்துல நகருது. இதைவிட என்ன வேணும்? ஒண்ணே ஒண்ணு இடிச்சுது. பழைய பட்டியல்ல இதுல பாதி சிவப்பு நட்சத்திரம்னு போட்டிருக்கு. யோசிச்சேன். வழியில தூசி. தூசி மறைச்சா மஞ்சளும் சிவப்பாத்தான் தெரியும்."

வானியலில் இது ஒரு வசதி. கணக்கு எங்கே உதைத்தாலும் தூசியின்மேல் பழியைப் போடலாம், தூசி மறுத்துப் பேசாது.

பிறகு பேராசிரியர் ஒரு காகிதத்தை நீட்டினார். கட்டுரையின் முதல் பக்கம். தலைப்பு, அதன்கீழ் எழுதியவர்களின் பெயர்கள். பதினொரு பெயர் தாண்டிப் பன்னிரண்டாவதாக அவளுடைய பெயர் இருந்தது.

"இருபத்திரண்டு வருஷமா நீங்க அலசிக் குடுத்ததுலதான் நாங்க உக்காந்து எழுதறோம். இதுவரைக்கும் பேரு போடாதது எங்க தப்பு. வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரங்களையும் கூப்பிட்டிருக்கேன். நீங்களும் மேடையில உக்காரணும்."

தப்பு என்று ஒன்றை இன்னொருவரே ஒப்புக்கொண்டு அவள் கேட்டது அதுதான் முதல்முறை. காகிதத்தை வாங்கி, பழக்கதோஷத்தில் தன் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அழுதுவிட்டாள்.

அன்று சாயங்காலம் கணவர் அந்தப் பக்கத்தை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். நேராகக் கடைக்குப் போனார். கால் மணி நேரத்தில் அது லேமினேட் ஆகி, கூடத்தில் யானைப் படத்தைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் தொங்கியது. நாத்தனார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, விரல் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பன்னிரண்டில் நிறுத்தினார்.

"கடைசியில போட்டிருக்காங்க."

"போட்டாங்களே, அதைச் சொல்லுக்கா" என்றார் கணவர்.

"அதுவும் சரிதான். வந்தவங்க பேரு கடைசியிலதான் வரும்." ஆனால் போகும்போது கதவருகில் நின்று இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார். மறுநாளே கட்டடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். ஓய்வுபெற்ற நர்சுகள் எழுபது பேர் இருக்கும் வாட்ஸப் குழுவிலும் போட்டார். 'சூரியனின் அண்ணன் தம்பிகளைக் கண்டுபிடித்தது என் தம்பி கட்டிக்கொண்டு வந்தவள்' என்று.

புதன்கிழமை பேராசிரியர் ஒரு சின்ன வேலை கொடுத்தார். கட்டுரையில் படமாகப் போடுவதற்குத் தொண்ணூற்று நான்கில் பார்வைக்கு லட்சணமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவரை அவள் அவற்றைப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய அவசியமே நேரவில்லை, ஒன்றில்கூடக் கணினி குறை சொல்லவில்லையே. வகுப்பில் ஒழுங்காக இருக்கும் பிள்ளையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

முதல் நட்சத்திரத்தைத் திறந்தாள். நல்ல தெளிவு. எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. உடன்பிறப்பாயிற்றே, இருக்கத்தானே செய்யும் என்று இரண்டாவதைத் திறந்தாள். மூன்றாவதைத் திறந்தாள். திறந்ததும் கை மவுஸின் மேல் நின்றுவிட்டது. நடுவில் மக்னீசியத்தின் மூன்று கோடுகள், மஞ்சளில் சோடியத்தின் ஜோடி, நீலப் பக்கம் சீப்பின் பல் மாதிரி இரும்பு. இருபத்திரண்டு வருடம் காலையில் முதலில் பார்த்த முகம் அவளுக்குத் தெரியாதா?

"இது பெரியவராச்சே" என்றாள் வாய்விட்டு. அறையில் யாரும் இல்லை.

தொண்ணூற்று நான்கையும் திறந்தாள். தொண்ணூற்று நான்கும் பெரியவர். எடுத்த தேதியைப் பார்த்தாள். எல்லாம் ஒரே நாள், போன வருடம். எடுத்த நேரம் மாலை ஆறு நாற்பது. அன்றைக்குச் சூரியன் மறைந்தது ஆறு இருபத்தெட்டு. ஆறு நாற்பதுக்கு எந்த ஊரில் சாமி நட்சத்திரம் வரும்? அலமாரியில் தேடிப் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அந்தத் தேதிக்கு மறுநாள், அவளுடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தது: 'பெரியவர் வரவில்லை.'

மலைக்குப் போன் போட்டாள். தொலைநோக்கியை இயக்குபவர் அவள் வயசுக்காரர்தான். எல்லாரும் 'மலைக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் குறிப்பேட்டைப் புரட்டினார்.

"அன்னிக்கா? ஒரு நட்சத்திரம்கூட பாக்கலையேம்மா. ஏழு மணிக்கெல்லாம் மேகம் மூடிடுச்சு. கதவைச் சாத்திட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

"அதுக்கு முன்னாடி அந்தி வெளிச்சம் எடுத்தீங்களா?"

"எடுத்தேனே."

"எந்தப் பேர்ல எடுத்தீங்க?"

மறுமுனையில் குறிப்பேட்டைத் திரும்பப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு மலைக்காரர் மெதுவாகச் சொன்னார். "மேகம் வருதேன்னு அவசரத்துல நட்சத்திரப் பட்டியலை முன்னாடியே ஏத்தி வச்சிட்டேன்மா. அதுக்கப்புறம்தான் அந்தி ஞாபகம் வந்துது. பட்டியலை இறக்காம அப்படியே எடுத்திருப்பேனோ..."

எடுத்திருக்கிறார். தொலைநோக்கியின் முனையில் தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழைகள் நூறு உண்டு. ஒவ்வோர் இழையும் பட்டியலில் உள்ள ஒரு நட்சத்திரத்தைப் பிடிக்கும். அன்றைக்கு அத்தனை இழைகளும் அந்தி வானத்தைத்தான் பிடித்தன. கணினியோ பட்டியலைப் பார்த்து நட்சத்திரங்களின் பெயரை வரிசையாக ஒட்டிவிட்டது. அதனால்தான் ஒரே மூலை, ஒரே வேகம், ஒரே வயது.

"உங்க கண்ணாடி இழைல போன வருஷம் எத்தனை ஒடஞ்சிருந்துச்சு?" என்று கடைசியாகக் கேட்டாள்.

"ஆறு. நூத்துல ஆறு. மிச்சம் தொண்ணூத்தி நாலு நல்லா இருந்துதும்மா. ஏன் கேக்கறீங்க?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது அவள் ஒரு பிழையையும் பார்க்கவில்லை. கண்ணே தெரியவில்லை. சொன்னால் கட்டுரை போச்சு. கட்டுரையோடு அவள் பெயரும் போச்சு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒருமுறை அச்சில் ஏறிய பெயர். இன்னும் எட்டு வருடத்தில் ஓய்வு; இன்னொரு கட்டுரைக்கு யார் கூப்பிடப்போகிறார்கள்? சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அந்த முகத்தைத் தினமும் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். தவளை தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் தெரியாமலா சொன்னார்கள்?

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் ஆணியில் தொங்குவதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இப்பவே சொல்லணுமா? வெள்ளிக்கிழமை மேடையில உக்காந்துட்டு, ஒரு பத்து நாள் கழிச்சு சொல்லக்கூடாதா?"

"பத்து நாள் கழிச்சும் இதே தப்புதாங்க."

"லேமினேட் பண்ணிட்டேனேம்மா" என்றார் அவர் பரிதாபமாக. "அதுல அழிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது."

எதிர்வீட்டில் நாத்தனார் போனில் யாரிடமோ, "ஆமா, பத்திரிகைக்காரங்க எல்லாம் வராங்களாம்" என்று சொல்வது கதவைத் தாண்டிக் கேட்டது. வியாழக்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போய், அன்றைய சூரியனைத் திறந்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. இரண்டு நிறமாலைகளை அச்செடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள்.

ஒன்றின்கீழ் ஒன்றாக மேஜைமேல் வைத்தாள். "இது நேத்து அந்தியில எடுத்த சூரியன். இது நம்ம முதல் நட்சத்திரம்."

பேராசிரியர் இரண்டையும் பார்த்துக் கைதட்டாத குறைதான். "பாத்தீங்களா! என்ன ஜாடை! இதைத்தான் படமாப் போடணும்! கூடப் பொறந்ததுன்னு குழந்தைகூட சொல்லும்!"

"சார், எங்க நாத்தனார் பிரசவ வார்டுல இருந்தவங்க. ரெட்டைக் குழந்தைக்குக்கூட எங்கயாவது ஒரு இடத்துல மாறும்னு சொல்லுவாங்க. இதுல ஒரு கோடு மாறல சார். இது ஜாடை இல்ல. இது அவரேதான்."

பிறகு நோட்டுப் புத்தகத்தை வைத்தாள். ஆறு நாற்பது என்ற நேரத்தைச் சொன்னாள். மலைக்காரர் சொன்னதைச் சொன்னாள். கடைசியாக, நூறில் ஆறு உடைந்த இழை என்றாள். அதைக் கேட்டதும் பேராசிரியர் மனசுக்குள் கழித்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். வெளியே பெரியவர் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தார்.

"பதினாறு வருஷம் தேடினேன்மா" என்றார். "கடைசியில யாரோட உடன்பிறப்பைத் தேடினேனோ அவரையே கண்டுபிடிச்சிருக்கேன்." சிரிக்கத்தான் ஆரம்பித்தார். சிரிப்பு நடுவில் உடைந்துவிட்டது. அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். இந்த மனிதர்தான் அவள் பெயரைப் போட்டார், இந்த மனிதரிடமே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விஷயம் அதோடு முடியவில்லை. அவசரக்கார மனிதர் படத்துக்குக்கூடக் காத்திராமல் முந்தின நாளே கட்டுரையை இணையத்தில் எல்லாரும் படிக்கும்படி ஏற்றியிருந்தார். அதனால் இப்போது அதைத் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவிப்பு வெளியிட வேண்டும். எழுதியவர்கள் அத்தனை பேரும் பெயர் போட்டு, நாங்கள் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

"உங்க பேரு இதுல வேண்டாம்" என்றார் பேராசிரியர். "நல்லதுக்குப் பேரு போட்டேன்னு பாத்தா, அவமானத்துக்குப் போட்ட மாதிரி ஆயிடுச்சு. நான் எடுத்துடறேன்."

அவள் யோசித்தாள்.

"இருக்கட்டும் சார். அதுல போட்டுட்டு இதுல போடலன்னா, அதுவும் தப்புதானே?"

அன்று பிற்பகல் வெளியான அறிவிப்பு ஆறு வரிதான். எங்கள் கட்டுரையில் குறிப்பிட்ட தொண்ணூற்று நான்கு நட்சத்திரங்களும் சூரியனின் உடன்பிறப்புகள் அல்ல. அவை அந்தி வானத்தில் சிதறிய சூரிய வெளிச்சமே. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று இருந்தது. ஆறாவது வரியைப் பேராசிரியர் தாமாகச் சேர்த்திருந்தார்: 'இந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர் எங்களில் பன்னிரண்டாமவர்.' வெள்ளிக்கிழமை மேடை போடவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அறிவிப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணவரிடம் காட்டினாள். முழுக்க விளக்கி முடிப்பதற்குள் அவர் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பழையதைக் கழற்றினார், புதியதை மாட்டினார். ஆணி கொஞ்சம் ஆடியது.

"இதைப் போயா மாட்டுவாங்க? நாங்க சொன்னது தப்புன்னு போட்டிருக்குங்க."

"பேரு இருக்குல்ல? இதுல ரெண்டு தடவை இருக்கு. மேல ஒரு தடவை பேரு, கீழ பன்னெண்டாமவர்னு ஒரு தடவை."

நாத்தனார் வந்தார். பின்னாலேயே, துவைத்த துணி மூட்டையோடு கீழ்க்கடை சலவைக்காரரும் வந்தார். கட்டடத்துக்கெல்லாம் சொல்லி, எழுபது நர்சுகளுக்குச் சொல்லி, இப்போது இல்லை என்றாகிவிட்டது. நாத்தனார் என்ன சொல்லப்போகிறாரோ என்று அவள் ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு வரியையும் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"அப்போ சூரியனுக்குக் கூடப் பொறந்தவங்களே கெடையாதா?"

"இருக்காங்கக்கா. எங்கயோ இருக்காங்க. இவங்க இல்ல."

"தப்புன்னு கண்டுபிடிச்சது நீதானா? வேற யாரும் பாக்கலையா?"

"பன்னெண்டு பேருல நான்தான் மூஞ்சியைப் பாத்தேன். மத்தவங்க கணக்கைத்தான் பாத்தாங்க."

"எத்தனாவதுல தெரிஞ்சுது?"

"மூணாவதுலயே தெரிஞ்சிடுச்சுக்கா."

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க வார்டுல ஒரு தடவை ரெண்டு குழந்தை தொட்டில் மாறிடுச்சு. கையில கட்டின சீட்டும் மாறிடுச்சு. டாக்டர் சீட்டைப் பாத்தாரு, சரின்னுட்டாரு. நான்தான் காதைப் பாத்துட்டு, இல்லவே இல்லன்னு ஒத்தைக் கால்ல நின்னேன். ரெண்டு வீட்டுக்காரங்களும் என்னைத் திட்டினாங்க. கடைசியில நான் சொன்னதுதான் சரி. அதுக்கு ஒருத்தரும் என் பேரை எதுலயும் போடல." சுவரில் தொங்குவதை விரலால் நேராக்கினார். பிறகு சலவைக்காரர் பக்கம் திரும்பினார்.

"பாத்துக்கப்பா. எங்க குடும்பத்துக் கண்ணு இது. எங்க அப்பாவுக்கு இருந்துச்சு. அவருக்கு அப்புறம் எனக்கு வந்துச்சு. இப்போ இவளுக்கு இருக்கு. ரத்தத்துல ஊறினது, வேற யாருக்கும் வராது."

பூதக்கண்ணாடி வாயைத் திறந்தாள். ரத்தம் எப்படி வரும், நான் பிறந்த வீடு வேறு, உங்கள் அப்பாவை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன் என்று அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. சலவைக்காரர் தலையாட்டிக்கொண்டிருந்தார். கணவர் ஆணியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து, கண்ணெதிரே நின்ற ஒரு தப்பை அவள் திருத்தாமல் விட்டது அது ஒன்றுதான்.

"காபி போடட்டுமாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அடுப்பின்முன் நின்று முந்தானையால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டாள். காபியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

டம்ளரை விளிம்பில்தான் பிடித்திருந்தாள். நாத்தனார் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் குடித்தார்.